நாலு அறை வயிறு

ஆட்டின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் பானுப்பிரியா கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். கரையான்சாவடி மெயின் ரோட்டில் திருவேங்கடத்தின் கறிக்கடை இருக்கிறதல்லவா, அதன் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியருகே பதினாலு வருஷமாகக் குடல் கழுவுகிறாள். வெந்நீர் ஊற்றி, சுண்ணாம்பு தடவி, கத்தியின் முதுகால் வழித்து வெள்ளைவெளேரென்று எடுத்துக் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு மேல் போனால் கிடைக்காது, அவ்வளவு கிராக்கி.

அப்பேர்ப்பட்டவள் மனுஷன் வயிற்றைப் பற்றிக் கேட்டபோது மாட்டிக்கொண்டு முழித்தாள். அந்தக் கூத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் தினேஷ் ஓட்டிவந்த லோடு ஆட்டோ கவிழ்ந்து அவனுக்குக் கால் முறிந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கும்போது மற்ற சொந்தக்காரர்கள் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடுவார்கள். இவள் மட்டும் காலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பாள். “இன்னாம்மா நீ, கொஞ்சங்கூட மூஞ்ச சுளிக்க மாட்டேன்ற. இதுக்குன்னு படிச்சா இன்னா?” என்றார் வார்டு சிஸ்டர். தினேஷ் கால் சரியாகி வண்டி ஓட்டப் போய்விட்டான். அந்த வார்த்தை மட்டும் இவள் மனசை விட்டுப் போகவில்லை.

முப்பத்தேழு வயசில் பூந்தமல்லியில் ஒரு வருஷ நர்சிங் உதவியாளர் படிப்பில் சேர்ந்தாள். “போயேன், ஊட்ட நான் பாத்துக்கறேன்” என்றான் தினேஷ். நல்ல மனுஷன், மவராசனாக இருக்கட்டும். காலையில் கடை, பத்தரைக்குக் குளியல், பதினொன்றுக்கு வகுப்பு.

வகுப்பில் இவளைத் தவிர பதினெட்டுப் பேர், எல்லாம் பத்தொன்பது இருபது வயசுப் பெண்கள். பாடம் எடுக்கிற ஷாரன் ஆவடிக்காரி, அவளுக்கே இருபத்தாறுதான். சோப்பு, எலுமிச்சம்பழம், பவுடர் எதைப் போட்டாலும் நகக்கண்ணில் கவிச்சி வாடை போகிறதா? மூணாம் நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பவித்ரா மூக்கைச் சுருக்கினாள். “ஆன்ட்டி, ஏதோ ஸ்மெல் வரல?”

“மீன் வாங்கிகினு வந்தேம்மா” என்று வாய்கூசாமல் பொய் சொன்னாள் பானு. பவித்ரா மறுநாளே வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் யார் கேட்டாலும் “கடையில வேல” என்பதோடு சரி. என்ன கடை என்று சொல்ல நாக்கு எழவில்லை.

பாடம் படிக்க அவளுக்குத் தெரிந்தது ஒரே வழி. ஈரல் என்றால் கடையில் பார்த்த ஈரலை நினைத்துக்கொள்வாள், சிறுநீரகம் என்றால் கிட்னி வறுவலுக்கு அறுத்துக் கொடுத்ததை. வினையே அதில்தான் வந்தது. உடற்கூறு வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு மேடம் வந்தார். “இரைப்பையைப் பத்திச் சொல்லும்மா” என்றார். பானுவுக்கு முகமெல்லாம் பல். இது தெரியாதா!

“அதுல நாலு அறைங்க மேடம். மொதல் அறை பெருசு, உள்ள டர்க்கி துண்டு மாதிரி சொரசொரன்னு இருக்கும். ரெண்டாவது தேன்கூடு கணக்கா. மூணாவது புஸ்தகம் மாதிரி ஏடு ஏடா. அப்பால நாலாவதுலதான் செரிக்கும்.”

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “ஏம்மா, சாப்பிட்டுட்டு அசை போடுவியா நீ?”

வகுப்பே கொல்லென்று சிரித்தது. ஃபெயில். மூணு வாரத்தில் இன்னொரு வாய்ப்பு, அதுவும் போனால் பேரை அடித்துவிடுவார்கள். தேறியவர்களுக்குத்தான் ஸ்டெதஸ்கோப், அவர்களுக்குத்தான் வார்டு. இவளுக்குத் திரும்பவும் அந்தத் தண்ணீர்த் தொட்டிதான்.

எல்லோரும் போனபிறகு ஷாரனிடம் போய் நின்றாள். “எனக்கு இது சரிப்பட்டு வராது மிஸ். நின்னுடறேன்.”

“இருங்கக்கா. நீங்க சொன்னது மனுஷனுக்குத்தான் தப்பு. ஆட்டுக்கு அச்சு அசலா சரி. அந்தத் தேன்கூட்டை எங்க பாத்தீங்க?”

அழுகை முட்டிக்கொண்டு வந்தது பானுவுக்கு. அழுதுகொண்டே கறிக்கடை, தொட்டி, மீன் பொய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஷாரன் முகம் சுளிப்பாள் என்று பார்த்தால் அவளோ நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். “ஐயோ அக்கா, இத்தனை நாள் சொல்லாம இருந்தீங்களே! இந்தச் சுவத்துப் படத்த வெச்சுகிட்டு நான் மாரடிக்கிறேன். திங்கக்கிழமை நுரையீரலும் இதயமும் முழுசா கொண்டு வாங்க, கிளாஸ்ல காட்டலாம்.”

“புள்ளைங்களுக்குத் தெரிஞ்சுடுமே மிஸ்.”

“தெரியட்டுமே.”

தெரியட்டுமாம்! சொல்கிறவர்களுக்கென்ன, மூக்கைப் பொத்துவது இவளைப் பார்த்துத்தானே? இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசாமல் கிடந்தாள். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் முடிகிற நேரத்தில் திருவேங்கடத்திடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். “கிளாஸுக்கா? அத்த மொதல்லயே சொல்றதில்ல? நாளைக்கு ஒரு கீறல் இல்லாம எடுத்துத் தரேன், எடுத்துகினு போ” என்றார் அவர்.

திங்கட்கிழமை எவர்சில்வர் தூக்கை மேஜைமேல் வைத்துவிட்டு, பதினெட்டு முகங்களையும் பார்க்காமல் கடகடவென்று சொல்லி முடித்தாள். “நான் கறிக்கடையில கொடல் கழுவுறவ. அன்னிக்கு வந்தது மீன் வாட இல்ல.”

பவித்ரா தலையைக் குனிந்துகொண்டாள். பானு கையுறை மாட்டி, தூக்கிலிருந்து நுரையீரலை எடுத்தாள். மூச்சுக்குழாயில் ஒரு ரப்பர் டியூபைச் செருகி, மறுமுனையில் சைக்கிள் பம்பை மாட்டி மெதுவாக அழுத்தினாள். சுருங்கிக் கிடந்த அந்தச் சதை இளஞ்சிவப்பாக எழும்பி, மேஜையில் பாதியை அடைத்துக்கொண்டது. “ஆத்தாடி!” என்று அலறிக்கொண்டு எல்லாப் பெண்களும் மேஜையைச் சுற்றிக்கொண்டார்கள். பம்பைக் கழற்றியதும் அது தானாகச் சுருங்கியது. இன்னொரு தரம் செய்யச் சொல்லி ஒரே ரகளை.

அப்புறம் இதயம். இரண்டாக வகுந்து வைத்தாள். “தொட்டுப் பாருங்க. இந்த இடது பக்கம் கெட்டியா கீது, வலது பக்கம் லேசு. எந்த ஆட்ட எடுத்தாலும் இதேதான். ஏன்னு எனக்குத் தெரியாது.”

“வலது பக்கம் ரத்தத்த நுரையீரலுக்குத் தள்ளுது, அது பக்கத்துலயே இருக்கு. இடது பக்கம் உச்சந்தலையிலேருந்து உள்ளங்கால் வரைக்கும் தள்ளணும். அதனாலதான் அந்தச் சதை கெட்டி. மனுஷனுக்கும் இப்படியேதான்” என்றாள் ஷாரன்.

“அதானே! பக்கத்து ஊட்டுக்குத் தண்ணி விடுற மோட்டாரும் ஊருக்கே விடுற மோட்டாரும் ஒண்ணா இருக்குமா?” என்ற பானு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பதினாலு வருஷமாகக் கைக்குத் தெரிந்த சங்கதி. ஏன் என்று அவளும் கேட்டதில்லை, அவளுக்கு யாரும் சொன்னதுமில்லை. சந்தோஷமும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வந்தது.

அன்றைக்கே நோட்டில் நடுவில் ஒரு கோடு போட்டாள். ஒரு பக்கம் ஆடு, ஒரு பக்கம் மனுஷன். ஒத்துப்போவதற்குப் பச்சை மை, மாறுவதற்குச் சிவப்பு. மூணு வாரமும் அந்த நோட்டை அவள் கீழே வைக்கவில்லை. பவித்ரா சத்தமில்லாமல் பழைய பெஞ்சுக்கே திரும்பி வந்து, ஆங்கிலப் பேர்களை வாசித்துக் காட்டினாள்.

மறுதேர்வுக்கு அதே மேடம் வந்தார்.

“இன்னைக்கு இரைப்பைக்கு எத்தனை அறை?” மேடத்தின் உதட்டோரம் சிரிப்பு.

“மனுஷனுக்கு ஒண்ணுதாங்க மேடம். போன தடவ நான் சொன்னது ஆட்டு வயிறு. அதுல ஒரு தப்பு கெடையாது, நீங்க வேணா விசாரிச்சுப் பாருங்க. நான் கறிக்கடையில வேல செய்றேன்.”

மேடம் தன் ஸ்டெதஸ்கோப்பையே கழற்றி நீட்டினார். “இதயம் எங்க கேக்கும், வெச்சுக் காட்டு.”

பவித்ரா தானாகவே வந்து முன்னால் நின்றாள். அவளுடைய இடது மார்புக்குக் கீழே விலா எலும்பை விரலால் எண்ணி, ஐந்தாவது இடுக்கில் வைத்தாள் பானு. காதில் விழுந்தது. லப் டப், லப் டப்.

“என்ன சத்தம் அது?” என்றார் மேடம்.

“உள்ளாற வெள்ளையா தோலு மாதிரி கதவுங்க கீது மேடம், நான் பாத்திருக்கேன். ரத்தம் பின்னால வராம அதுங்க மூடுற சத்தம்.”

சொன்னவளின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

“ஏம்மா அழற? சரியாத்தான சொன்ன?”

“பதினாலு வருஷமா எத்தினியோ இதயத்தக் கையில எடுத்திருக்கேன் மேடம். ஒண்ணுகூட அடிச்சதில்ல.”

மேடம் பாஸ் மார்க்கைப் போட்டார். அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார்கள். பானு அதைக் காதில் வாங்கவில்லை, இன்னும் அந்த லப் டப்பையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அக்கா, போதும்க்கா, கூசுது” என்றாள் பவித்ரா.