சர்வருக்கும் ராகு காலம்

கண்ணில் படாத ஆளிடம் வேலை வாங்கிப் பிழைப்பதுதான் வெப் சர்வர் தொழில். நீங்களும் அதோடு மாரடித்திருந்தால் நான் சொல்வது புரியும். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் ஒரு மாடியறையில் இருந்துகொண்டு நான் மாரடித்தேன்.

யார் அந்த ஆளு?

வடமதுரைக் கல்யாணத் தரகர் ராமசாமி அண்ணனுக்கு ஒரு வெப்சைட் செய்தேன். ஊருக்கெல்லாம் பொருத்தம் பார்த்தவருக்கு, சொந்த மகள் செல்வியின் கல்யாணம் மட்டும் தட்டிக்கொண்டே போனது. அதிலேயே மனுஷன் பாதியாகிவிட்டார்.

பெண், மாப்பிள்ளை நட்சத்திரங்களைத் தட்டினால் சர்வர் அதை ஹேண்ட்லர் என்ற தன் உள்வேலையாளிடம் கொடுக்கும். ஹேண்ட்லர், நான் எழுதின கட்டளை வரிகளான ஸ்கிரிப்டை ஓட்டும். பொருத்தம் திரையில் வந்து நிற்கும். சர்வர் என்ற அந்தக் கம்ப்யூட்டர் இருந்ததோ அமெரிக்காவில்! முதல் பதில் வந்தபோது எழுதின எனக்கே புல்லரித்துவிட்டது. அண்ணன் கைகூப்பிவிட்டார்.

"தம்பி, அம்புட்டுத் தூரத்துல நம்ம ரோகிணியும் அஸ்தமும் தெரிஞ்ச ஆளு யாருப்பா உக்காந்திருக்கான்?"

எழுத்தெழுத்தாய்க் கொட்டியது

ஒருநாள் சர்வர்க்காரர்கள் எதையோ மாற்ற, ஹேண்ட்லர் படுத்துக்கொண்டது. பாழாய்ப்போன சர்வர், ஸ்கிரிப்டை ஓட்டாமல் அப்படியே திரையில் கொட்டிவிட்டது. எனக்கு மானம் போயிற்று. அண்ணனோ டாலர் குறியும் அடைப்புக்குறியுமாய் ஓடிய பக்கத்தை பயபக்தியோடு பார்த்தார்.

"இத மூடாத தம்பி. எங்க ஜோசியரும் இப்படித்தான் ஒண்ணும் புரியாம எழுதுவாரு, அம்புட்டும் பலிக்கும்."

திங்கட்கிழமை ஆறு மணி

ராகு காலத்தில் பொருத்தம் பார்க்கக் கூடாதென்று அண்ணன் ஒரே பிடிவாதம். அந்த நேரத்தில், 'ராகு காலம், செத்த நேரம் கழித்து வாங்க' என்று மட்டும் சொல்லும்படி ஸ்கிரிப்டை மாற்றினேன்.

அப்போது செல்விக்கு ஒட்டன்சத்திரத்தில் நல்ல இடம் ஒன்று வந்தது. அண்ணன் தன் வெப்சைட்டிலேயே பொருத்தம் பார்க்கச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, வீட்டில் விளக்கேற்றிய கையோடு பிரவுசிங் சென்டருக்குப் போனார். பக்கம் ராகு காலம் என்றது! ஸ்கிரிப்ட் பார்த்தது சர்வரின் கடிகாரத்தை. அங்கே அப்போதுதான் காலை ஏழரை, திங்கட்கிழமை ராகு காலம் தொடங்கும் நேரம்.

அவரிடமிருந்து அண்ணனுக்குப் போன் வந்தது. அண்ணன் முகம் செத்துவிட்டது. இதுவும் போச்சா என்று நான் அண்ணன் பக்கத்தில் போய் நின்றேன். நான் காதில் சொல்லச் சொல்ல, அது அமெரிக்கா ராகு காலம் என்று அண்ணன் உள்ளதைச் சொன்னார். மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்:

"ஏனுங்க, அமெரிக்கா ராகு காலத்தக்கூட விடாம பாக்குற குடும்பமுங்களா? பொருத்தம் கெடக்கட்டுமுங்க, வெள்ளிக்கெழம பொண்ணு பாக்க வர்றோமுங்க."

ஒழுங்காக ஓடின ஸ்கிரிப்டெல்லாம் முடிக்காத கல்யாணத்தை, தப்பாக ஓடின ஒரே ஒரு வரி முடித்துவைத்தது.