ஒரு மொட்டையும் ஒரு பர்மா ஸ்டாரும்

நானும் நைனாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டது. அவர் டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் அழுத்திப் பிடித்தார். குமிழி வந்த ஓட்டையில் நான் தீக்குச்சி செருகி அடையாளம் வைத்தேன். ஒட்டின் மேல் கல்லை வைத்துவிட்டு, "காலைல திருவாலங்காடு போய் வந்துர்றேன்" என்றார். 1949 மார்ச், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை.

நைனா என் அப்பா, பெயர் ராஜவேலு. ஊர் கே.ஜி.கண்டிகை. கரும்பு வெட்டும் கூலி. 1942இல், முப்பத்தெட்டு வயதில், பட்டாளத்தின் பயனீர் கம்பெனியில் சேர்ந்தார். அது சாலை போடும் படை.

போர் முடிந்ததும் பர்மாப் போர்முனையில் இருந்தவர்களுக்கு பர்மா ஸ்டார் என்ற பதக்கம் அறிவித்தார்கள். குறிப்பிட்ட எல்லைக்குள் ஒரு நாள் வேலை செய்திருந்தாலும் போதும். இம்பால் அந்த எல்லைக்குள் வரும், ராஞ்சி வராது. நைனாவின் டிஸ்சார்ஜ் தாளில் ராஞ்சி டிப்போ மட்டுமே இருந்தது. இம்பாலில் பதினோரு மாதம் கல் உடைத்தது ஒரு வரியிலும் இல்லை.

டீக்கடைக் கிருஷ்ணன் விடவில்லை. "இன்னா மாமா, ராஞ்சில மண்ணு சொமந்துகினு இருந்தியாமே? சப்பான்காரன் உன்ன கண்ணாலயே பாக்கலியாம்!"

நைனா சிரித்துவிட்டு வருவார். வீட்டில் சோறு இறங்காது.

நான் அரக்கோணத்தில் ரயில்வே சிக்னல் ஃபிட்டர். மனு எழுத உட்கார்ந்தேன்.

"இம்பால்ல இருந்ததுக்குத் தேதி வேணும் நைனா."

"ஆடிக் கிருத்திகை."

"அது தேதியா?"

"எனக்குத் தேதிதான். மலைக்கு வந்து மொட்டை போடறேன்னு வேண்டியிருந்தேன். லீவு கெடைக்கல. அங்கயே தெக்க பாத்து குந்திகினு போட்டுகினேன்."

பழைய பஞ்சாங்கத்தைத் தேடிப் பார்த்தேன். 1944 ஆகஸ்ட்.

"நீங்க அங்க இருந்தத யாரு ஒத்துக்குவாங்க?"

"எனக்கு தண்டனை குடுத்த சுபேதாரு ஒத்துக்குவாரு" என்றார்.

மொட்டை போட்டதில் காலை ஆஜர் எடுப்புக்குத் தாமதம். ஏழு நாள் கூடுதல் கல் சுமக்கும் தண்டனை. அது பட்டாள அலுவலகத்தில் இருக்கும் நடத்தைத் தாளில் இடத்தோடும் தேதியோடும் ஏறியிருக்கும். மூன்று வருடம் இதை அவர் வீட்டில் சொல்லவில்லை.

அம்மா தாயம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "தண்டனையா? பட்டாளத்துல உங்கள மெச்சிகினாங்கன்னு சொன்னீங்களே!"

"ஆங், மெச்சிகினாங்க. அது எட்டாம் நாளு."

அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நைனாவும் சிரித்தார். நடத்தைத் தாளைப் பார்க்கும்படி எழுதிப் போட்டேன். ஏழு மாதம் கழித்துப் பதக்கம் வந்தது. ஆறு முனை நட்சத்திரம். நடுவில் சிவப்புப் பட்டையுள்ள ரிப்பன். அடுத்து வந்த ஆடிக் கிருத்திகைக்கு அதைச் சட்டையில் குத்திக்கொண்டு மலையேறினார். மறுபடியும் மொட்டை. இறங்கி வந்ததும் நேராக டீக்கடைக்குப் போய், கிருஷ்ணன் முன்னால் உட்கார்ந்து இரண்டு டீ குடித்தார்.

அதற்குப் பிறகுதான் திருவாலங்காட்டுக் கங்காதரன் மாமா வந்தார். நைனாவின் கம்பெனிதான். இம்பாலில் நைனாவுக்கு மொட்டை போட்டவரே அவர்தான். சவரக் கத்தியைக் கழுவிவிட்டு ஓடிப்போய் ஆஜருக்கு நேரத்தில் நின்றுவிட்டார். தண்டனை இல்லை. அதனால் அவர் இம்பாலில் இருந்ததற்குத் தடயமும் இல்லை.

"ஒழுங்கா இருந்தது என் தப்பா மாமா?" என்று நைனாவைக் கேட்டார்.

பதக்கம் பெற்ற ஒருவர் சாட்சி எழுதித் தந்தால், மாதக் கடைசிக்குள் வரும் மனுவோடு சேர்த்துப் பார்க்கிறோம் என்று அலுவலகம் அவருக்குப் பதில் போட்டிருந்தது. நைனா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'அன்று என் தலையைச் சிரைத்தவர் இவர்' என்ற வரியை விடாதே என்றார். கையெழுத்துப் போட்டு, மடித்து, நேரில் கொண்டுபோய்க் கொடுக்கக் காக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒட்டுப் போட்ட மறுநாள், புதன்கிழமை விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பத்து நிமிடம்கூட இல்லை.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்து சைக்கிளைப் பார்த்தேன். ஒட்டு நன்றாகப் பிடித்திருந்தது. காக்கிச் சட்டை ஆணியில் தொங்கியது, பையில் கடிதம். மாதக் கடைசிக்கு ஆறு நாள் இருந்தது. கங்காதரன் மாமாவிடம் அது இன்னும் போய்ச் சேரவில்லை.