கொதிக்க வைத்தாலும் போகாதது

எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு ருசி உண்டு. நாக்கின் நடுவில் சற்றுக் கனமாக இருந்துவிட்டுத்தான் இறங்கும். கொழும்புக்கு வேலைக்கு வந்த பிறகு எத்தனையோ போத்தல் தண்ணீர் குடித்துவிட்டேன். தாகம் அடங்குகிறது, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்து மேலே படித்த முதல் ஆள் நான். அந்த ருசி தண்ணீருடையதே அல்ல என்பது இரசாயனவியல் படித்தபோதுதான் தெரிந்தது. தண்ணீர் மூலக்கூறில் ஒட்சிசன் பக்கம் சிறிது மறையேற்றம், ஐதரசன் பக்கம் சிறிது நேரேற்றம். அந்த இரண்டு கையாலும் எதிர்ப்படும் உப்பையெல்லாம் பிரித்துத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடும். நான் ருசி என்று நினைத்தது எங்கள் நிலத்தின் சுண்ணக்கல்லை.

நீர்வேலியில் எங்களுக்கு வாழைத்தோட்டம். அப்பா போடும் பசளை உரத்தைக் கரைத்து வேருக்குக் கொடுப்பதும், குருத்து வரை ஏற்றுவதும் இதே குணம்தான். வேர் எடுக்காமல் விட்டதைக் கிணற்றுக்குள் இறக்குவதும் அதுவேதான்.

படிப்பின் கடைசி வருடம் பரிசோதனைக்காக எங்கள் தண்ணீரில் ஒரு போத்தல் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனேன். பசளையிலிருந்து இறங்கிய நைத்திரேற்று, கைக்குழந்தைக்கு ஆகாத அளவு இருந்தது. நான்தான் பிழை விட்டேனாக்கும் என்று மூன்று தரம் திரும்பச் செய்து பார்த்தேன். அதே அளவுதான் வந்தது.

அக்காவுக்குத் தலைப்பிள்ளை பிறந்து முப்பத்தொரு நாள் கழிந்திருந்தது. தொண்டைமானாற்றுப் புகுந்த வீட்டிலிருந்து அடுத்த கிழமை எங்களிடம் வந்து சில மாதம் நிற்பதாகப் பேச்சு. தாய்ப்பால் போதாமல் பிள்ளைக்கு மாப்பாலும் கரைத்துக் கொடுத்தார்கள். அம்மா பழைய சேலையில் ஏணைகூடக் கட்டிவிட்டா.

விசயத்தைச் சொன்னேன்.

"கொதிக்க வைச்சுத்தானேடா குடுப்பன்," என்றா.

"கொதிக்கக் கொதிக்க ஆவிதான் அம்மா போகும். உது போகாது. மிஞ்சின தண்ணியிலை இன்னும் கூடும்."

"நீதானே சொன்னனீ! எட்டாம் வகுப்பிலை வந்து நிண்டு, கொதிச்சால் எல்லாம் செத்துப்போம் எண்டு எனக்குப் பாடம் எடுத்தனீ."

உண்மைதான். அன்றிலிருந்து அம்மா ஒரு நாளும் தவறவில்லை. கேத்திலின் உள்ளே வெள்ளைப் படை ஏறியிருந்தது.

"அது கிருமிக்கம்மா. உயிரில்லாத சாமான் எப்பிடிச் சாகும்? பச்சைக் குழந்தையின்ரை ரத்தம் ஒட்சிசனைக் காவமாட்டாமல் உடம்பு நீலம் பாஞ்சிடும்."

அப்பா கையிலிருந்த தேத்தண்ணியைப் பார்த்தார். "அப்ப நான் வாழைக்கு வைச்ச விருந்தைக் கிணறும் திண்டிருக்கு."

அம்மா சிரிக்கவில்லை. "உதை அக்காவுக்குச் சொன்னியெண்டால் அவளின்ரை மாமி அனுப்பமாட்டா. ஏணையை அவிட்டு வைக்கவேண்டியதுதான்."

ஆனாலும் அக்காவுக்குத் தொலைபேசியில் எடுத்துச் சொன்னேன்.

"எனக்கும் கூடாதோ?"

"பெரியாக்களுக்கு உடனை ஒண்டும் செய்யாது."

"அப்ப வாறன். அம்மாட்டைச் சொல்லு, பிள்ளைக்கெண்டு கிணத்துத் தண்ணியை அடுப்பிலை வைக்க வேண்டாமெண்டு."

பிளாஸ்டிக் தண்ணீர்க் கான்களுக்கு மேலே காலை மடக்கிக்கொண்டு, அக்கா மடியில் பிள்ளையோடு ஓட்டோவில் வந்து இறங்கினாள்.

"கிணறுள்ள வீட்டுக்குத் தண்ணி காவி வந்த முதல் ஆள் நீதான் பிள்ளை," என்றார் அப்பா.

அவள் பிள்ளையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நேரே கிணற்றடிக்குப் போனாள். ஒரு வாளி அள்ளி, இரண்டு கையாலும் ஏந்திக் கண்ணை மூடிக் குடித்தாள்.

அடுத்த நாள் அம்மா ஒரு சட்டித் தண்ணீரை வெயிலில் வைத்தா. "குளிக்க வார்க்கலாமோ, அதுக்கும் உங்கடை புத்தகத்திலை தடையோ?"

"வார்க்கலாம் அம்மா."

முதல் கை தண்ணீர் பிள்ளையின் நெற்றியால் வழிந்தது. ஒரு துளி மேலுதட்டில் சிதறாமல் உருண்டையாக நின்றது. பிள்ளை நாக்கை நீட்டினான். அம்மா பதறிச் சேலைத் தலைப்பால் ஒற்றி எடுத்துவிட்டா.

அந்த ஒரு துளியால் ஒன்றும் வந்திருக்காது. எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன், அம்மாவின் கை முந்திவிட்டது.

கொழும்பில் போத்தலைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சின்ன நாக்குத்தான் நினைவுக்கு வருகிறது. ஒரு துளி பரவாயில்லை என்று கொஞ்சம் முந்திச் சொல்லியிருக்கலாம்.