மீட்டரம்மாவும் மக்களாட்சி விருதும்

குடிநீர் அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக மீட்டர் கணக்கெடுத்து வருபவரை எங்கள் பகுதியில் மீட்டரம்மா என்றுதான் அழைப்பார்கள். எவர் சொல்லையும் அவர் உடனே நம்பிவிடமாட்டார். "குழாய் எல்லாத்தையும் மூடிட்டோம்" என்று வீட்டார் சொன்னாலும், மீட்டரின் சிவப்பு முள் அசைகிறதா என்று குனிந்து பார்த்த பிறகே தலையசைப்பார். முள் அசைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்பது அவருடைய துணிபு.

அந்தக் குணந்தான் அவரை வம்பில் மாட்டிவிட்டது. புதிய வாக்காளர் பட்டியலில், வாய்க்காலோரத் தெருக்களைச் சேர்ந்த அறுபத்தொரு வீடுகளுக்கு நேரே 'ஆளில்லை' என்று குறித்து, அங்கிருந்தோர் பெயர்களை நீக்கியிருந்தார்கள். ஆளில்லாத வீட்டில் நாள்தோறும் தண்ணீர் செலவாகுமா? மீட்டரம்மா தம் பதிவேட்டின் நகல்களை இணைத்துப் பட்டியல் அலுவலகத்தில் மனுக் கொடுத்தார். ஏழு மாதங்களாகப் பதிலில்லை. தேர்தலுக்கோ ஐந்து வாரங்களே இருந்தன. அதற்குள் தீர்வு வராவிட்டால் அறுபத்தொரு வீட்டாருக்கும் வாக்கில்லை.

பதில் வரவேண்டிய இடத்தில் தடித்த உறை ஒன்று வந்தது. மக்களாட்சி உரிமைகளைக் காத்தவர்களுக்கு விருது வழங்குகிறார்களாம். அவருக்கும் ஒன்று உண்டாம். அழைத்திருந்தது அதே பட்டியல் அலுவலகம்.

ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநரான அவர் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவியோ கடிதத்தை ஜன்னலருகே கொண்டுபோனார்.

"என்னடி, வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்கற? கள்ள நோட்டா அது?"

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம். பேரை வெட்டினவங்களே எனக்குப் பாராட்டு விழா நடத்தறாங்கன்னா, சும்மாவா?"

"உனக்கு முன்னால கடவுளே வந்து நின்னாலும் அடையாள அட்டை கேப்ப!"

"கேட்டா என்ன தப்பு? காலையில ஒன்பது மணிக்கே வரணுமாம். மத்தியானம் வரைக்கும் வெளியே போகக் கூடாதாம். ஏங்க, விருது வாங்க ரெண்டு நிமிஷம் போதாதா?"

மறுநாள் அவர் பட்டியல் அலுவலகத்துக்குச் சென்று தம் மனுவைப் பற்றி விசாரித்தார். எழுத்தர் தலைநிமிரவேயில்லை.

"இன்னும் தேதி போடலம்மா. போட்டா தபால் வரும்."

மீட்டரம்மா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார், ஆனால் படியிறங்கவில்லை. வராந்தாவின் கோடியில் இருந்த அறிவிப்புப் பலகையை ஒவ்வொரு தாளாகப் படித்தார். பழைய ஏல அறிவிப்பு ஒன்றைத் தூக்கிப் பார்த்தபோது, அதன் அடியில் அவருடைய மனு எண் இருந்தது. விசாரணை, விழா நடக்கும் அதே நாளில், காலை பத்தரைக்கு. மனுதாரர் வராவிட்டால் மனு முடித்துவைக்கப்படும் என்று கீழே ஒரு வரி.

"தற்செயலா அமைஞ்சிருக்கும்டி," என்றார் கணவர். அவர் குரலில் உறுதியில்லை.

"இருக்கலாம். நீங்க விழாவுக்குப் போங்க. நான் விசாரணைக்குப் போறேன்."

விழா நாளன்று விசாரணை அறை வாசலில் வேறு எவரும் இல்லை. உதவியாளர் எழுந்து வராமலே, மனு எண்ணை வாய்க்குள் ஒரே ஒரு முறை முணுமுணுத்தார். "வந்திருக்கேன்" என்று மீட்டரம்மா உள்ளே நுழைந்தார்.

விசாரணை அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "நீங்க இப்போ விழாவுலதானே இருக்கணும்?"

"அது உங்களுக்கு யாரு சார் சொன்னாங்க?"

அதிகாரி கோப்பைப் புரட்டலானார். மீட்டரம்மா ஒவ்வொரு வீட்டின் தண்ணீர்க் கணக்கையும் வாசித்தார். பதினேழாம் வீடு முடிந்ததும், "போதும்மா" என்றார் அதிகாரி.

"இன்னும் நாப்பத்துநாலு வீடு இருக்கு சார்."

அதே நேரத்தில் விழா மண்டபத்தில், விருதுக்குரியவர் எங்கே என்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள். "உங்க ஆபீஸ்லதான், விசாரணைக்குப் போய் நிக்கறா" என்று கணவரும் மேடையேறி ஒலிபெருக்கியிலேயே விடை சொன்னார். கைதட்டலாமா கூடாதா என்று கூட்டத்துக்கு விளங்கவில்லை.

வீடுகளை நேரில் பார்வையிட வேண்டும் என்று ஆணை பிறந்தது. மூன்றாம் நாள் பட்டியல் அலுவலர் வந்தார். மீட்டரம்மாவும் உடன் நடந்தார். முதல் வீட்டில், துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் ஈரக் கையோடு கதவைத் திறந்தாள். அலுவலர் அவள் பெயரைக் கேட்டு, 'வசிக்கிறார்' என்று எழுதினார். மீட்டரம்மா எட்டிப் பார்த்தார்.

"பென்சில் எதுக்கு சார்?"

"ஆபீஸ்ல போய்ப் பேனாவால எழுதிக்கலாம்மா."

மீட்டரம்மா தம் பேனாவை நீட்டினார்.

"இப்பவே எழுதிடுங்க. எனக்கு அவசரம் இல்ல, நிக்கறேன்."