ஆற்றங்கரையில் பிரிட்டோவின் மைக்

அனகாபுத்தூரில், எங்கள் தெருவில் மைக் செட் வாடகைக்கு விடும் பிரிட்டோ அண்ணனுக்குத் தன் குரல் மேல் அப்படியொரு காதல். கல்யாண வீட்டில் நல்ல பாட்டு ஓடும்போது அதைப் பாதியில் நிறுத்திவிட்டு, "பந்தி போட்டாச்சு, வாங்க வாங்க" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன கோடையில் வார்டு கூட்டம் நடந்தது. அடையாற்றின் நீர்மட்டத்தையும் மழை அளவையும் அரசு ஒரு கம்பெனிக்குத் தரப்போகிறது, அவர்கள் வெள்ள எச்சரிக்கைக்கு ஒரு போன் ஆப் உருவாக்குவார்கள், மாதக் கட்டணம் கட்டுகிறவர்களுக்கு முன்கூட்டியே தகவல் வரும் என்று அதிகாரி சத்யபிரியா விளக்கினார். நாங்கள் தலையாட்டினோம். பிரிட்டோ அண்ணன் எழுந்தார். மைக் இல்லாமலே கூடம் அதிர்ந்தது.

"இன்னா மேடம் ஞாயம் இது? ஆத்த அளக்குறது எங்க வரிப்பணம். தண்ணி பூர்றது எங்க வூட்டுல. வருதுன்னு சொல்றதுக்குக் காசா?"

கூட வந்திருந்த கம்பெனிக்காரர் நெளிந்தார். சத்யபிரியா, "அவர் கேக்கறது சரிதான்" என்றார். எச்சரிக்கை எல்லோருக்கும் ஒரே நேரத்தில், இலவசமாகப் போக வேண்டும். ஆப்பில் வேறு எதை வேண்டுமானாலும் கம்பெனி விற்றுக்கொள்ளட்டும். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு நிபந்தனை ஏறியது.

"போன் இல்லாதவங்களுக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

"நான் இன்னாத்துக்குக் கீறேன்?" என்றார் அண்ணன்.

நவம்பரில் அவர் தங்கை ரோஸியின் கல்யாண வரவேற்பு, ஆற்றோரப் பந்தலில். மழை விட்டிருந்ததால் யாருக்கும் பயமில்லை. திடீரென்று பாட்டு நின்றது. எனக்கு வழக்கம்போல் எரிச்சல். அண்ணன் ஒரு கையில் போனும் மறு கையில் மைக்குமாகக் கத்தினார்.

"ஆத்துல தண்ணி ஏறுதாம்! பிரியாணி அண்டாவத் தூக்குங்க, ஸ்கூல் மாடிக்குப் போங்க!"

விளையாடுகிறார் என்று சிரித்தோம். ரோஸி பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினாள். அவ்வளவுதான், கடைசி வீடு வரை தெருவே கிளம்பிவிட்டது. தண்ணீர் வந்தபோது பந்தலில் நாற்காலிகள்தான் மிதந்தன. அந்தக் கரகரத்த குரல் மேல் எனக்கு அன்றைக்கு ஆசையே வந்துவிட்டது.

ஸ்கூல் மாடியில் பந்தி களைகட்டியது. மாடிவீட்டு ஜெயவேலு சார் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

"மாசாமாசம் அந்த ஆப்புக்குப் பணம் கட்டறேன் பிரிட்டோ. எனக்கும் உனக்கு வந்தப்பதான் மெசேஜ் வந்துச்சு."

அண்ணன் அவர் இலையில் ஒரு லெக் பீஸை வைத்தார்.

"உங்களுக்கு மட்டும் முன்னாடி வந்திருந்தா, இங்க நீங்க மட்டுந்தான் குந்திகினு இருப்பீங்க சார். பிரியாணி யாரு போடுவா?"