ஒன்பது சிற்றாடைகளில் ஒரு திரை

அக்டோபர் இருபத்திரண்டு, செவ்வாய்க்கிழமை, மாலை நாலு மணி இருபது நிமிடம். மழை விட்டு ஏழு நிமிடம் ஆகியிருந்தது. மருமகள் கைபேசியில் ஒரு படம் காட்டினாள். யாரோ பழைய பட்டுப்புடவைகளை வெட்டி ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தார்கள்.

"மாமா, உங்க பெட்டியில பட்டு சும்மாதானே கெடக்கு? ஹாலுக்கு நாமளும் தைச்சிடலாமா?"

"வேணாம்மா" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. பயந்துபோய் உள்ளே போய்விட்டாள். அந்தப் பெட்டியைத் திறந்தால் கற்பூரமும் மஞ்சளும் கலந்த வாசனை வரும். அது வந்தால் எனக்கு நாங்கள் முன்பு இருந்த கோவில்பத்து வீடு ஞாபகத்துக்கு வந்துவிடும்.

பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிப் போன மறு வருஷம். எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம், கமலா முழுகாமல் இருந்து மூன்று மாதம். ஆபீசில் எனக்குக் கணக்கெழுதும் வேலை. பிரெஞ்சுக்காரத் துரை இருந்தவரை அவர் வீட்டுக்குக் கோப்பு கொண்டு போவேன். அங்கே பதினோரு வாசல், பதினொன்றிலும் திரை. நம் வீட்டில் ஒன்றாவது வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம்.

பரண் பெட்டியில் ஒன்பது பட்டுச் சிற்றாடைகள் கிடந்தன. சின்னப் பெண்கள் கட்டுகிற குட்டைப் புடவை. பத்து வயதில் காலராவில் போன என் அத்தை பாக்கியத்துக்கு ஆடிக்கு ஆடி ஒன்று வைத்துப் படைப்பார்கள். அடுத்த ஆடியில் அதை எடுத்து வீட்டுப் பெண்குழந்தை கட்ட வேண்டும். எங்கள் வீட்டில் ஒன்பது வருஷமாகப் பெண்குழந்தை இல்லை, அப்படியே சேர்ந்துவிட்டது. படைத்த துணி என்று தெரியாமல் திரை தைக்கக் கொடுத்தேன் என்று சொல்ல முடியாது. பூச்சி தின்கிறதே என்ற கவலைதான் பெரிதாக இருந்தது. அம்மா வேறு அண்ணன் வீட்டுக்கு மாயவரம் போயிருந்தாள்.

தையற்காரர் பூச்சி அரித்ததை வெட்டியெறிந்து, மிச்சத்தை ஒட்டுப்போட்டுக் கொண்டுவந்து அறை வாசலில் மாட்டினார். "துணி இவ்வளவுதாங்க தேறுச்சு. கீழ ஒரு சாண் எடம் விட்டுத்தான் நிக்கும். காத்து வரட்டுமே."

மூன்றாம் நாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கமலா கேட்டாள்: "ஏங்க, திரைக்குப் பின்னால நிக்கிதே, யாரு வீட்டுப் புள்ள அது? கூப்ட்டா வரமாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். யாருமில்லை. ஐந்தாம் நாளும் அதையே கேட்டாள். எட்டாம் நாள் கேட்கவில்லை. கோட்டுச்சேரிக்கு, தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். "அந்தத் திரை தொங்குற வீட்டுக்கு என் புள்ளையத் தூக்கிட்டு வரமாட்டேங்க. எறக்கிட்டுச் சொல்லி அனுப்புங்க."

தையற்கூலி மூன்று ரூபாய் கொடுத்தவன், இறக்குவேனா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நடுப்பகல் பன்னிரண்டே கால். காற்று துளியும் இல்லை. திரை மட்டும் யாரோ மூச்சு விடுவதுபோல உப்பி உப்பித் தாழ்ந்தது. அடியில் இருந்த அந்த ஒரு சாண் இடைவெளியில் இரண்டு சின்னப் பாதங்கள். ஈரமாக இருந்தன. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், எண்ணினேன். இடது காலில் ஐந்து விரல், வலது காலில் நான்கு. சரிபார்க்க மறுபடி எண்ணினேன். ஒன்பதுதான். மூன்றாம் முறை எண்ணுவதற்குள் தரை காய்ந்து கிடந்தது.

மறுநாள் வந்த அம்மா திரையைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். நான் கண்டதைச் சொன்னேன்.

"பாக்கியத்துக்கு வலது கால் சுண்டுவிரல் கெடையாதுடா. கதவிடுக்குல நசுங்கிப் போச்சு. நீ பொறக்கறதுக்கு முந்தின கதை, ஒனக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. அன்றே திரையை இறக்கி வாய்க்காலில் விட்டோம். சிற்றாடை பத்தரை ரூபாய் வீதம் ஒன்பது புதிதாக வாங்கிப் படைத்தேன். அப்புறம்தான் கமலா வந்தாள். பிறந்தது பெண். மூன்று வயதில் முதல் சிற்றாடையை அவள்தான் கட்டினாள்.

அந்த வீடு இப்போது இல்லை. கமலா போய் ஆறு வருஷம். சிற்றாடையும் கடையில் கிடைப்பதில்லை. முழுப் புடவை வாங்கி வெட்டுகிறேன். கட்டிக்கொள்ளத்தான் வீட்டில் சின்னப் பெண் இல்லை. பெட்டியில் மறுபடி சேர்கிறது. அன்றைக்குப் பிறகு ஆடிக்கு ஒன்றாக அறுபத்து நான்கு வைத்தாகிவிட்டது. முதல் ஒன்பதும் தையற்கூலியும் சேர்த்து இதுவரை ஆன செலவு பதினெட்டாயிரத்து நானூற்று அறுபத்திரண்டு ரூபாய் எட்டணா. அணா ஒழிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. முதல் ஒன்பதின் விலையில் வந்த அந்த எட்டணாவை மட்டும் கணக்கிலிருந்து எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.