கரைக்கு அந்தப் பக்கம் அஜியாம்போ

இன்னிக்கு காலையில எகேசாவைப் பார்த்தேன்! அப்பலேர்ந்து மனசு கெடந்து அடிச்சுக்குது, அதான் வந்ததும் வராததுமா டைப் பண்றேன்.

கென்யாவுல எங்க ஊரை ஒட்டி ஓடுற நிசோயா ஆத்தோட புதுக் கரையைக் காக்குறவரு அவரு. கையில கம்பு, கழுத்துல விசில். தெனமும் நாலு கிலோமீட்டர் நடப்பாரு. உடும்பு வளை தோண்டியிருக்கா, கரையான் புத்து வச்சிருக்கா, மாடு எறங்கி எறங்கிப் பள்ளம் விழுந்திருக்கான்னு குத்திக் குத்திப் பார்த்துக்கிட்டே போவாரு. ஓட்டை இருந்தா அங்கயே களிமண்ணை அடைச்சு மிதிச்சுட்டுதான் மறுவேலை. சின்ன வளைதானேன்னு விட்டா, வெள்ளத்துல கரையே போயிடும்.

கரை மேல மீன் பொரிக்கிற நெரிமா, அவரோட மச்சினிச்சி, விடமாட்டா.

"என்ன மாமா, உடும்பைப் பார்க்கப் போறீங்களா, எங்கக்காவைப் பார்க்கவா?"

"ரெண்டும் என்னைக் கண்டா வாயே தொறக்கறதில்ல. யாரைப் பார்த்தா என்ன?"

அக்கான்னா அஜியாம்போ, எகேசாவோட சம்சாரம். ஆறு வருஷம் முன்னாடி காய்ச்சல்ல போயிட்டாங்க. எங்க வழக்கப்படி வீட்டு முத்தத்துலயே அடக்கம் பண்ணி, தலைமாட்டுல ஒரு அத்தியை நட்டாரு. சாயந்தரம் டீயை எடுத்துக்கிட்டு அங்கதான் போய் ஒக்காருவாரு.

அடுத்த வருஷ மழையில பழைய கரை ஒடைஞ்சு ஊரே மெதந்துச்சு. ஆத்துக்கு எடம் விட்டுத் தள்ளிப் போடணும்னு புதுக் கரைக்குக் குறிக்கம்பு நட்டாங்க. எகேசா வீடும் கல்லறையும் ஆத்துப் பக்கம் மாட்டிக்கிச்சு! வீட்டைப் பிரிச்சுத் தகரத்தைத் தூக்கிட்டு வந்துட்டாரு. அஜியாம்போவைத் தோண்டி எடுக்க மனசு வரல.

கரை போட வந்த இன்ஜினியரம்மாவுக்கே பொறுக்கல. "ஐயா, இந்த எடத்துல மட்டும் கரையைக் கொஞ்சம் வளைச்சுப் போட்டுடலாம். அவங்க உள்ள வந்துடுவாங்க."

எகேசாவுக்குக் கண்ணு நெறைஞ்சு போச்சு. சரின்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. "நாளைக்குச் சொல்றேம்மா"ன்னுட்டு, பழைய கரை ஒடைஞ்ச எடத்துக்கு நடந்து போனாரு. அதுவும் ஒரு வளைவுதான். எந்தக் காலத்துலயோ யாரோட சோளக்காட்டுக்காகவோ வளைச்சது.

நேராவே போடச் சொல்லப் போறேன்னதும் நெரிமா கத்துனா. "வளைச்சா என்ன கொறைஞ்சு போச்சு மாமா? அக்கா தண்ணிக்குள்ளயா கெடக்கணும்?"

"தண்ணி நேரா வந்து அந்த வளைவுலதாண்டி முட்டும். ஒடைஞ்சா மொதல்ல உன் வீடு. உங்கக்கா அப்புறம் என்னைச் சும்மா விடுவாளா?"

மறுநாள் இன்ஜினியரம்மாகிட்ட போய், "நேராவே போடுங்கம்மா"ன்னுட்டாரு.

இப்போ ஒவ்வொரு மழைக்கும் கல்லறை முங்கிடுது. அத்தி மரம் மட்டும் தண்ணிக்கு மேல நிக்குது. அதுல கெளை பிரியிற மொதக் கவட்டையைத் தண்ணி தொட்டா எகேசா விசில் அடிப்பாரு. உடனே ஊரே மூட்டை முடிச்சைக் கட்டிக்கிட்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிடும். போன மாசமும் அப்படித்தான், அடிச்சாரு. கரை நின்னுடுச்சு!

இன்னிக்குத் தண்ணி கவட்டைக்கு ஒரு முழம் கீழ எறங்கியிருக்கு. மரத்துக்கு நேரா நின்னுக்கிட்டு ஒரே எடத்தைக் கம்பால தட்டிக்கிட்டே இருந்தாரு.

"ஓட்டையா ஐயா?"ன்னு கேட்டேன்.

"இல்ல. நல்லாத்தான் இருக்கு"ன்னாரு. ஆனா நகரல. அப்புறமா, "இன்னும் மூணு வாரம் ஆகும், வத்துறதுக்கு"ன்னாரு.

கென்யா பக்கம் வந்தீங்கன்னா எங்க கரை மேல ஒரு நடை நடந்துட்டுப் போங்க. வழியில வளை கண்ணுல பட்டா எகேசாகிட்ட சொல்லுங்க. தண்ணி வத்தியிருந்தா, ஒரு டீ வாங்கிக்கிட்டு அவரோட அந்த அத்தி மரம் வரைக்கும் எறங்கிப் போங்க, ப்ளீஸ்.